பிரஷர் இறங்கி வந்தவருக்குக் கட்டிலருகில் ஸ்கேன்

ஜூன், ஜூலை மழையோடு கொழும்பில் டெங்கு ஏறும். அந்த நாட்களில் கைகால் குளிர்ந்து, நாடி நூலாய் ஓட, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவருக்கு டெங்குக் கசிவும் (இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவது) இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். சேலைன் முதலாமவரைக் காப்பாற்றும்; இரண்டாமவரின் நுரையீரலை நிரப்பிவிடும். அதனால் சேலைன் ஏற்றத் தொடங்கும்போதே ஸ்கேன் புரோப்பையும் கையில் எடுத்துவிடுகிறோம்.

முதலில் இதயம். மார்பெலும்பின் கீழ்நுனியில் புரோப்பைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ஈரலுக்கு ஊடாகப் பார்க்க வேண்டும். முழங்காலை மடக்கினால் வயிறு தளரும். பார்ப்பது மூன்றே விஷயம்: சுற்றிலும் நீர் நிற்கிறதா, இடது அறை நன்றாகச் சுருங்குகிறதா, வலது அறை இடதைவிடப் பெருத்திருக்கிறதா. முன்பக்கம் மட்டும், சாம்பல் புள்ளிகளோடு இதயத்துடன் சேர்ந்து அசைவது பெரும்பாலும் கொழுப்பு. அதை நீரென்று நினைத்து ஊசியைத் தேடவேண்டாம். வலது அறை பெருத்திருந்தால் நுரையீரல் நாடியில் இரத்தக்கட்டியை நினையுங்கள். ஆனால் அறைச்சுவர் தடித்திருந்தால் அது பழைய நுரையீரல் நோயாகவும் இருக்கலாம்.

அடுத்தது கீழ்ப்பெருநாளம், அதாவது உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய குழாய். அதிகம் பிழை விடுவது இங்கேதான். ஈரலுக்குப் பின்னால் ஓடி வலது சோணைக்குள் (இதயத்தின் மேலறை) நுழைவதைக் கண்ணால் கண்ட பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருநாடியை அளந்துவிடுவீர்கள். சோணையிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி அளக்கிறோம். தானாக மூச்சுவிடுகிறவருக்கு 2.1 செ.மீ.க்குக் குறைந்து, மூச்சை இழுக்கும்போது பாதிக்குமேல் ஒடுங்கினால் வலது பக்க அழுத்தம் குறைவு. அதைவிட அகன்று, அசையாமல் நின்றால் அழுத்தம் அதிகம். புரோப் நடுவிலிருந்து சற்று வழுகினாலே குழாய் ஒடுங்கியதுபோலத் தெரியும், ஆகவே குறுக்குவெட்டிலும் பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சு உள்ளே போகும்போது அது விரியும். இந்தக் கணக்கை அவருக்குப் போடக்கூடாது. நாளம் ஒடுங்கியிருப்பதை மட்டும் நம்பி சேலைனைக் கொட்டவும் கூடாது.

பிறகு வயிறு. ஈரலின் கீழ்நுனி வரை புரோப்பை நகர்த்துங்கள், சிறிய அளவு நீர் அங்கேதான் முதலில் ஒளிந்திருக்கும். டெங்குக் கசிவில் பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்து, வலது மார்பிலும் நீர் தெரியும். அந்த நீர் இரத்தமா கசிவா என்பதை ஸ்கேன் சொல்லாது, பீ.சி.வீ. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சொல்லும். ஏறினால் கசிவு. பிரஷர் தேறாத நிலையில் பீ.சி.வீ. இறங்கினால் இரத்தப்போக்கைத் தேடி, இரத்தம் ஒழுங்குபண்ணுங்கள்.

நுரையீரலைச் சுற்றிய புடைச்சவ்வு மூச்சோடு வழுக்குகிறதா என்று இரு பக்கமும் பாருங்கள்; வழுக்காவிட்டால் இடையில் காற்று நிற்கலாம். வயிற்றுப் பெருநாடி 3 செ.மீ.க்கு மேல் என்றால் வீக்கம். தொடை நாளம் அமுக்கும்போது முழுதாக ஒட்ட வேண்டும்; ஒட்டாவிட்டால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம்.

டெங்கில் கசிவுக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். நம் நாட்டு வழிகாட்டல்படி 50 கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்குமான திரவக் கணக்கு 4,600 மி.லீ. அது வேகமாகக் கரைகிறதென்றால் ஒவ்வொரு போலஸுக்குப் (வேகமாக ஏற்றும் சேலைன்) பிறகும் புரோப்பை மறுபடி வையுங்கள். நாளம் பெருத்து, நுரையீரலில் இருபுறமும் செங்குத்துக் கோடுகள் (நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளம்) கூடத் தொடங்கினால் சேலைனைக் குறைத்து மூத்த வைத்தியரைக் கூப்பிடுங்கள். பார்த்த நேரத்தையும் கண்டதையும் பீ.எச்.டீ.யில் (நோயாளியின் கட்டில் பதிவேடு) அப்போதே எழுதிவிடுங்கள். அடுத்த ஷிப்ட் வைத்தியர் ஒப்பிடுவது அதோடுதான்.