நாக்கின் இடது பாதி

இடது காதில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. காது பரவாயில்லை. நாக்குதான் மக்கர் பண்ணுகிறது. இடது பக்கம் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு சுவை.

நேற்று கண்ணாடி முன் நின்று ஈர விரலில் உப்பைத் தொட்டுப் பார்த்தேன். நாக்கின் வலது ஓரத்தில் வைத்தால் சுள்ளென்று கரிக்கிறது. இடது ஓரத்தில் வெறும் மணல். பின்பகுதி மட்டும் தப்பித்திருக்கிறது. அதற்கு வேறு நரம்பு.

காதுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரிடமே கேட்டேன். முக நரம்பிலிருந்து பிரியும் கார்டா டிம்பனி என்ற மெல்லிய நரம்பு, செவிப்பறைக்குப் பின்னால், சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே புகுந்து போகிறதாம். நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு, அந்தந்தப் பக்கத்துச் சுவையைக் கொண்டு போவது அதுதான். கீழ்த்தாடை எச்சில் சுரப்பியைச் சுரக்க வைப்பதும் அதுவே. வாய் காய்வது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. அறுபடவில்லை, ஒதுக்கும்போது கொஞ்சம் இழுபட்டுவிட்டது என்றார். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகுமாம்.

சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'சுவை மாற்றம்' என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அன்று இருந்த பயத்தில், முகம் கோணலாம் என்ற ஒரு வரியைத்தான் நாலு தரம் படித்திருக்கிறேன். சரி, இப்போதைக்கு வலது பக்கமாகவே மெல்கிறேன்.