உணவுப் பாதுகாப்பு படிக்கிறவர்களுக்கு: பட்டாவிலிருந்து தொடங்குங்கள்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதத் தயாரானபோது நான் முதலில் சறுக்கியது இந்தப் பாடத்தில்தான். மாதிரித் தேர்வில், உணவுப் பாதுகாப்புக்கான உலக முயற்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1945-இல் எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு), 1961-இல் உலக உணவுத் திட்டம், 1977-இல் ஐஃபாட் (வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம்) என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். 15-க்கு 4 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "விளைகிறது, சரி. யாருக்குக் கிடைக்கிறது?"

பிறகுதான் 1996 ரோம் உலக உணவு மாநாட்டின் வரையறையை நிதானமாகப் படித்தேன். எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதுமான, சத்தான உணவு கைக்கெட்ட வேண்டும் என்கிறது. விளைச்சல் அதில் ஒரு பங்குதான். வாங்கும் வசதி, உடலில் சேரும் சத்து, நாளைக்கும் கிடைக்கும் என்ற உறுதி எல்லாம் சேர்ந்ததே உணவுப் பாதுகாப்பு.

இந்தப் பாடத்தில் நில உரிமை ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிந்தது வீட்டில். அப்பா இறந்த பிறகும் பட்டா அவர் பெயரில்தான் இருந்தது. நடவு, களை, அறுப்பு எல்லாம் அம்மா. பயிர்க்கடன் கேட்கப் போனால் சிட்டா, அடங்கல் என்ற நில உரிமை, சாகுபடிப் பதிவேடுகளைக் கேட்டார்கள். இரண்டிலும் அம்மா பெயர் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் (ஒருவர் பொறுப்பில் பயிராகும் நில அலகுகளில்) பெண்கள் வசம் இருந்தவை சுமார் 14 சதவீதம் என்று படித்தபோது அந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

நிலம், மீன்வளம், வனம் பற்றி உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்ற 2012 தன்னார்வ வழிகாட்டு நெறிகளை அந்த நினைவோடு படித்தேன். பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நியாயமான உரிமைகளை அரசுகள் மதிக்க வேண்டும் என்கிறது அது. பின்னணியையும் எழுதுங்கள். 2007-08-இல் உணவு விலை ஏறியதும் அந்நிய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் நிலம் தேடின. மடகாஸ்கரில் தென்கொரியாவின் டேவூ நிறுவனம் 13 லட்சம் ஹெக்டேரைக் குத்தகைக்குக் கேட்டது. மக்கள் கொந்தளித்தார்கள், 2009-இல் ஆட்சி மாறி அந்தத் திட்டமே ரத்தானது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நெறிகள் பேசும் உரிமையை (ஆங்கிலத்தில் tenure) வெறும் 'நில உடைமை' என்று எழுதினால் பொருள் சுருங்கிவிடும். குத்தகை, அனுபோகம், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் எல்லாமே அதில் அடங்கும். நம் கிராமத்தில் புழங்கும் சொற்களையே பயன்படுத்துங்கள், விடை தெளிவாக நிற்கும்.

2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற விவசாயிகள் உரிமைப் பிரகடனத்தை விட்டுவிடாதீர்கள். ஆதரவு 121, எதிர்ப்பு 8, நடுநிலை 54. இந்தியா ஆதரித்தது. பிரிவு 17 நிலத்தைப் பற்றியது, 19 விதையைப் பற்றியது. 2012 நெறிகள், இந்தப் பிரகடனம் இரண்டுமே சட்டக் கட்டாயம் இல்லாதவை என்ற குறையைச் சொல்லிவிட்டு, உள்நாட்டுச் சட்டத்துக்கு வாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல். விதைக்கு 2001 பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம்.

உலக வர்த்தக அமைப்பு, 2013 பாலி மாநாடு, பொதுக் கையிருப்பு (அரசு கொள்முதல் செய்து வைக்கும் தானியம்) இவற்றைத் தனிக் குறிப்பாக வையுங்கள். அது மானியத்தைப் பற்றிய விவாதம், வேறு கேள்விக்கு உதவும்.

அப்புறம், தேர்வு முடிந்த வாரமே வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தோம். கூட்டுப் பட்டாவில் முதல் பெயர் அம்மாவுடையது.