கஞ்சா வழக்கில் சிக்கிய தம்பியும் 64ஏ பிரிவும்

என் தம்பி கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, இரவு வாகனச் சோதனையில் அவனிடமிருந்து கஞ்சாப் பொட்டலம் ஒன்றை போலீஸார் எடுத்தார்கள். தகவல் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து இன்று வரை நாங்கள் கடந்து வந்ததை, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கின்றன. சிகிச்சைக்குப் போகிறவனைத் தண்டனையிலிருந்து விலக்கும் வழி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவிலேயே இருக்கிறது. அது எங்களுக்குத் தெரிந்தது வழக்கு வந்த பிறகுதான்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவும்மா?" என்பது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எல்லாமே எடையைப் பொறுத்துத்தான். கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போய்விட்டால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். கையில் எதுவும் இல்லாமல் புகைத்தது மட்டும் நிரூபணமானால்கூட 27ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. செடி வளர்த்தால் எத்தனை செடி என்ற கணக்கே கிடையாது. பத்தாண்டு வரை போகலாம்.

தம்பியிடம் இருந்தது சில கிராம்தான். மறுநாளே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள், இரண்டு பேர் ஜாமீன் கொடுத்து அழைத்து வந்தோம்.

அடுத்து வக்கீல் கேட்டது, பொட்டலம் சட்டைப் பையில் இருந்ததா, தோளில் மாட்டிய பையில் இருந்ததா என்று. ஏன் அதைக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை. உடம்பைச் சோதனை போடுவதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். அது 50ஆம் பிரிவு. பையைச் சோதிப்பதற்கு அது பொருந்தாது. தம்பியிடம் எடுத்தது முதுகுப் பையிலிருந்து. அதனால் அந்த வாதம் எங்களுக்கு உதவவில்லை.

எங்களை உண்மையில் பயமுறுத்தியது அவன் போன்தான். அறையில் இருந்த நால்வரும் பணம் போட்டு வாங்குவார்கள். மற்ற மூவரும் தம்பிக்கு கூகுள் பேயில் அனுப்புவார்கள், அவன் போய் வாங்கி வருவான். அவனுக்கு அது டீக்குக் காசு சேர்ப்பது மாதிரி. வக்கீல் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வாங்கிக் கொடுத்தான்னு சொல்றதுக்கும் வித்தான்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிறது இந்தப் பணம்தாம்மா" என்றார். கூட்டுச் சதி என்று 29ஆம் பிரிவைச் சேர்க்கவும் இடம் உண்டு. அறையைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தவன், தெரிந்தே அங்கே அதை அனுமதித்தான் என்றால் அவன் மேல் 25ஆம் பிரிவு வரும். ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் எல்லோரும் அவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது. நண்பனுக்காக வாங்கித் தருவதைச் சட்டம் நட்பாகப் பார்ப்பதில்லை.

64ஏ பிரிவைச் சொன்னவரும் வக்கீல்தான். பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் மேல் 27ஆம் பிரிவிலோ சிறு அளவு தொடர்பாகவோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம். தானாக முன்வருவது, அங்கீகாரம் உள்ள இடம், முழுச் சிகிச்சை என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனு நிற்காது என்று அழுத்திச் சொன்னார்.

அப்பாவுக்கோ அவசரம். தெரிந்தவர் ஒருவர் சொன்ன தனியார் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் விட்டுவிடலாம் என்றார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். அறைகளைக் காட்ட மறுத்தார்கள். டாக்டர் எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. முதல் மாதம் வீட்டாரோடு பேசவே கூடாது என்றார்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் பேச்சு மாறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதற்கு அந்தச் சட்டத்தில் முழுத் தடை. குடும்பத்தோடு பேசவும், தன் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ளவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அப்பாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு இரவு பிடித்தது. பிள்ளையை அடித்துத் திருத்தலாம் என்று நம்பும் எந்த இடத்திலும் தயவுசெய்து யாரையும் விட்டுவிடாதீர்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டோம். டாக்டர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு முதலில் தம்பியோடு தனியாகப் பேசினார். பிறகு எங்களிடம் கேட்டது, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருக்கிறதா என்று. அப்பாவின் சித்தப்பா ஒருவருக்கு இருந்தது, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில், குறிப்பாகச் சின்ன வயதிலேயே தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு, மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுதல் என்றார். பக்கத்து அறைக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தம்பி சில மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மூளையின் வளர்ச்சி ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை தொடர்கிறது. பதினேழு வயதில் தொடங்கியவனுக்கும் முப்பதில் தொடங்கியவருக்கும் பாதிப்பு ஒன்றல்ல.

தம்பியிடம் வேறு வாதம் இருந்தது. "மூலிகைதானே டாக்டர், கனடாவுல சட்டப்படியே விக்கிறாங்களே?" என்றான். டாக்டர் கோபப்படவில்லை. கனடா 2018இல் அனுமதித்தது உண்மை, அங்கேயும் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பெரும்பாலான மாகாணங்களில் விற்கக் கூடாது, கியூபெக்கில் இருபத்தொன்று என்றார். கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற வேதிப்பொருள், நினைவையும் நேர உணர்வையும் பதற்றத்தையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் வேலை செய்கிறது. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். தின்றால் ஏற ஒன்று, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தின்பவர்கள்தான் படபடப்போடும் பீதியோடும் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அந்த மயக்கத்தில் வண்டி ஓட்டினால் தூரமும் வேகமும் கணக்குத் தப்பும். தம்பி பைக்கில்தான் பிடிபட்டான்.

குடிப்பழக்கத்துக்குத் தருவதுபோல் இதற்கென்று தனி மாத்திரை கிடையாது என்று கேட்டு அப்பா இடிந்து போனார். பேச்சு சிகிச்சைதான் முக்கியம். தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் மருந்து தந்தார்கள். நிறுத்திய மறுநாளே எரிச்சல் தொடங்கியது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். இரவில் வியர்த்து விழிப்பான், விபரீதக் கனவுகள். முதல் வாரம்தான் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும், தூக்கம் சீராக இன்னும் நாளாகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் அம்மாவால் அந்த நாட்களைத் தாங்க முடிந்தது.

பெரிய சண்டை வந்தது மூன்றாம் வாரத்தில். அப்பா கடையில் சோதனைக் கிட் வாங்கி வந்து சிறுநீர் எடுக்கச் சொன்னார். கஞ்சா இருப்பதாகக் காட்டியது. "திரும்பவும் அடிச்சிட்டு வந்திருக்கான்" என்று கத்தினார். தம்பி சத்தியம் செய்தான், யாரும் நம்பவில்லை, அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை போய்க் கூட்டி வந்தேன். டிஎச்சி கொழுப்பில் தங்கும். எப்போதாவது புகைப்பவர்களின் சிறுநீரில் சில நாளில் போய்விடும், தினமும் புகைத்தவர்களுக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும்கூடத் தெரியும். அடுத்த சந்திப்பில் டாக்டர் இதை விளக்கியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "மன்னிச்சுக்கப்பா" என்று தம்பியிடம் சொன்னார். எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்காத சொல் அது. அதற்குப் பிறகுதான் தம்பி கவுன்சலிங்கில் வாயைத் திறந்தான்.

இடையில் ஒரு நண்பன் கல்யாணத்தில் மறுபடி புகைத்தான். மறுநாள் அவனே டாக்டரிடம் சொன்னான். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார், திட்டவில்லை, சிகிச்சையைத் தொடர்ந்தார். சறுக்குவது எதிர்பார்க்கக்கூடியதே, மறைப்பதுதான் சிக்கல் என்பது அவர் கருத்து. போன் நம்பரை மாற்றியதும், பழைய அறையைக் காலி செய்ததும், பணத்தைக் கொஞ்ச நாள் அம்மா கையில் கொடுத்ததும் தம்பியே எடுத்த முடிவுகள்.

வழக்கில் எங்களைக் காப்பாற்றியது காகிதங்கள். ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும், கவுன்சலிங் தேதி போட்ட நோட்டையும் தேதிவாரியாகக் கோர்த்து வைத்திருந்தேன். அரசுத் தரப்பு எதிர்பார்த்தபடியே கூகுள் பே கணக்கைக் காட்டி, இவன் விற்பவன் என்றது. வந்த பணமும் வாங்கப் போன பணமும் ஒன்றாகவே இருந்ததையும், லாபம் என்று எதுவும் இல்லாததையும் வக்கீல் வரிசையாகக் காட்டினார். மருத்துவமனை அறிக்கையைக் கேட்டுப் பெற்ற பிறகு நீதிமன்றம் 64ஏ மனுவை ஏற்றது.

சிகிச்சை இன்னும் முடியவில்லை. மாதம் ஒருமுறை தம்பி தானே பஸ் பிடித்து வந்து ஓ.பி.யில் உட்காருகிறான். இதே நிலையில் இருக்கிறவர்கள் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும், மனம் தாங்காத நேரத்துக்கு 14416 இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம். போகும்போது பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.