கிறிஸ்துமஸ் வரை திறக்கக் கூடாத சட்னி

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டக்காரர் என் கையில் ஒரு கண்ணாடி பாட்டிலைத் திணித்தார். உள்ளே கரும்பழுப்பாக ஏதோ இருந்தது. மூடிமேல் ஒரு துண்டுத் துணி, அதைச் சுற்றி நூல் கட்டு.

"சட்னி. கிறிஸ்துமஸ் வரைக்கும் திறக்காதீர்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மத்தியானம் மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிற வீட்டுப் பிள்ளை நான். இரண்டரை மாதம் மூடி வைத்துத் தின்றால் அது சட்னியா?

இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ரெடிங்கில் வீடு. குளிர், நாலு மணி இருட்டு எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊரில் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வருடம் வரிசையில் காத்திருந்து ஓர் அலாட்மெண்ட் துண்டும் வாங்கிவிட்டேன். நகராட்சி வருட வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டம். முழுத் துண்டு 10 ராட் (இங்கத்திய பழைய நில அளவு). எனக்குப் பாதி, நம் கணக்கில் மூன்று சென்ட். ஊரில் மூன்று சென்ட் கிடைத்தால் வீட்டைக் கட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடுவோம்.

இங்கே தக்காளி காய்க்கும். பழுப்பதுதான் கிடையாது. செப்டம்பர் முடியும்போது வெயில் கிளம்பிவிடும், ஈரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், கூடவே கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமிதான் தக்காளியையும் பிடிக்கிறது. பழுக்கட்டும் என்று காத்திருந்தால் நாலே நாளில் செடியோடு போய்விடும். அதனால் எல்லாரும் காயாகவே பறித்துக் கூடை கூடையாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அத்தனை காயையும் என்ன செய்வது? சட்னிதான்.

அவர் எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். தக்காளிக்காய், வெங்காயம், ஆப்பிள், உலர்திராட்சை, இஞ்சி, பழுப்புச் சர்க்கரை, எல்லாவற்றையும் மால்ட் வினிகரில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட வேண்டுமாம். மரக்கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது, அதுதான் பதம். (அல்வா கிண்டியவர்கள் தலையாட்டலாம்.) புதிதாக இருக்கையில் வினிகர் மூக்கில் ஏறும், வைக்க வைக்க அடங்கும்.

பச்சை மிளகாய் இல்லை. தாளிப்பு இல்லை. அரைக்கவே இல்லை! பெயரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். கிறிஸ்துமஸ் புட்டிங்கைக்கூட ஒரு மாதம் முன்னாடியே அவித்து வைக்கிறார்கள், தீபாவளிக்கு நாம் அப்படியா செய்கிறோம் என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, மாவடு ஜாடியை எத்தனை நாள் கழிச்சுத் திறப்போம்?" என்றாள்.

அதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை. மதுரையில் வெயில் ஏறும்போதே அழகர்கோவில் பக்கத்து வடு வந்துவிடும். விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்புப் போட்டு, பாட்டி ஜாடியில் அடைப்பாள். தினமும் ஜாடியைக் குலுக்குவது என் வேலை. கை ஈரமாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடவிடுவாள். காய் சுருங்கிச் சுருங்கி உப்புத்தண்ணீரில் அமிழ்வதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாட்டியும் இல்லை, ஜாடி யார் வீட்டுக்குப் போனதென்றும் தெரியவில்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் சமையலறை விளக்கை அணைக்கத் தோன்றவில்லை.

சரி, பதில் மரியாதை செய்ய வேண்டுமே. என் துண்டில் களையைவிட வேகமாக மண்டுவது புதினாதான். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கை பறித்து, மிளகாய், புளி, தேங்காய் வைத்து அரைத்து, ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தேன். நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார்.

அவர் பாட்டிலைச் சொன்னபடி கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் திறந்தேன். அவர்கள் ஆறிய இறைச்சியும் பாலாடைக்கட்டியுமாகத் தொட்டுக்கொள்வார்களாம். நான் அடை வார்த்திருந்தேன். ஒத்துக்கொள்ள மனசில்லை, ஆனால் அடைக்கு வெல்லத்தைவிட நன்றாக இருந்தது. பொங்கலுக்கு முன்னால் பாட்டில் காலி.

ஜனவரியில் தோட்டத்தில் அவரைப் பார்த்ததும் அதைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்களும் உங்கள் சட்னியைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் திறந்தோம்" என்றார். "அதுவரை கொட்டகை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "எப்படி இருந்தது?"

கொஞ்ச நேரம் தன் லீக் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே லேசாக முடி மாதிரி முளைத்திருந்தது. அதை வழித்துவிட்டோம்" என்றார். "ரொம்ப வித்தியாசமான ருசி."