நீலப் புகை

சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கவே இல்லை. கல்லாகிப் போயிருந்தது.

அப்பாவின் வண்டியில் ஊற்றிய ஒரு லிட்டர் ஆயில், 800 கிலோமீட்டரில் 600 மில்லியாகிவிட்டது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. "ரிங் போச்சு, போர் பண்ணணும்" என்றார்கள் இரண்டு கடைகளில். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ரிங்; போர் பண்ணுவது என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது.

மூன்றாவது கடை அண்ணன் ஸ்பேனரைத் தொடும் முன் கேட்டார்: "புகை எப்போ வருது தம்பி?"

யோசித்தேன். கொல்லிமலையில் 70 வளைவும் திராட்டிலை, அதாவது ஆக்ஸிலேட்டரை, மூடியபடி இறங்கி, அடிவாரத்தில் முறுக்கியபோது குப்பென்று நீலமாக வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் கொஞ்சம். மேடு ஏறும்போது துளியும் இல்லை.

ரிங் தேய்ந்திருந்தால் இழுவையில்தான் விடாமல் புகையுமாம். திராட்டில் மூடியிருக்கும்போது இஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை கூடும். வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்தான் வால்வு சீல். அது கல்லாகிவிட்டால், தண்டுக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக ஆயில் உள்ளே இறங்கிவிடும்.

அப்புறமும் அவர் ஊகத்தில் நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார், 150 பிஎஸ்ஐ. அதே ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், 155. ரிங் தேய்ந்திருந்தால், அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறியிருக்கும்.

வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கி, சீலை மாற்றினார். போரைத் தொடவே இல்லை.

வைத்தியத்துக்கும் இந்த ஒரு கேள்விதானே முதலில் வேண்டும், எப்போது வலிக்கிறது என்று? அதைக் கேட்கும் பொறுமைக்கு நான் என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

கல்லாகிப்போன அந்தப் பழைய வால்வு சீலைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அப்பாவிடம் காட்ட வேண்டும்.