ஒருச்சாய்ந்து நிற்கும் படகை நிமிர்த்துவது

காற்றே இல்லை. கட்டிய கயிறுகளும் தொய்ந்துதான் கிடக்கின்றன. ஆனாலும் படகு இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்குகிறது. நீர்க்கோட்டில் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட்டைத் தாண்டிப் பாசி ஏறியிருக்கிறது. 30 அடி பாய்மரப் படகுகளில் இது சர்வசாதாரணம். பலரும் உடனே எதிர்ப்பக்கம் ஈயக் கட்டிகளை அடுக்கக் கிளம்பிவிடுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் அதுவரை போகவே வேண்டியிருக்காது.

நேற்று வரை நேராக நின்ற படகு இன்று சாய்ந்திருந்தால், சாமான்களைத் தொடாமல் முதலில் தண்ணீரைத் தேடுங்கள். பில்ஜ் (தண்ணீர் வந்து சேரும் படகின் அடிக்குழி) காய்ந்திருப்பதை நம்ப முடியாது. படுக்கைக்கு அடியிலுள்ள அறைகளிலிருந்து பில்ஜுக்குத் தண்ணீர் இறங்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். முடி, மரத்தூள், காய்ந்த பசை எல்லாம் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். ஜன்னல் ரப்பர் வழியாகக் கசிந்த மழைத்தண்ணீர் 50 லிட்டர் அங்கேயே நின்றால், 50 கிலோ மூட்டையை ஓரத்தில் வைத்ததற்குச் சமம். பலகையைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு கம்பியை விட்டு ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். தண்ணீர் உப்புக் கரித்தால் அது மழையல்ல, கடல். அப்புறம் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை; ஓட்டையைத்தான் தேட வேண்டும்.

இன்னொரு வகைச் சாய்வும் உண்டு, அதுதான் ஆபத்தானது. எதையும் நகர்த்தாமலே படகு ஒரு நேரம் இடப்பக்கமும் இன்னொரு நேரம் வலப்பக்கமும் விழுந்து நிற்கிறது என்றால், ஒரு பக்கம் எடை கூடிப்போனது காரணமல்ல. எடை மேலே ஏறிப்போயிருக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் பரந்து அலைகிறது. அடியில் கீல் என்ற கனமான எடைத்தகடு உள்ள பாய்மரப் படகில் இது அபூர்வம். மேல்மாடி வைத்த மோட்டார் படகில் நடக்கும். அங்கே உயர்ந்து நிற்கும் பக்கத்தில் எடை வைத்தால் படகு நிமிராது. மறுபக்கம் இன்னும் வேகமாகப் புரளும். மேலே இருப்பதைக் கீழே இறக்குவதும் தண்ணீரை இறைப்பதும்தான் வழி.

இவை இரண்டும் இல்லையென்றால் அளவெடுக்கலாம். கண்ணால் பார்த்து ‘கொஞ்சம் சாய்வு’ என்று சொல்வதில் பயனில்லை. கொத்தனார் பிடிக்கும் லெவல் டியூப் போதும். 5 மீட்டர் தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு பக்க விளிம்பிலும் ஒரே இடத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும், தட்டி வெளியேற்றுங்கள். 3.2 மீட்டர் அகலப் படகில் இரு விளிம்புக்கும் 11 செ.மீ. வித்தியாசம் வந்தால் சாய்வு 2 டிகிரி. அளக்கும்போது தொட்டிகள் பாதியளவில் இருக்கட்டும், பூம் (பாயின் அடியோரத்தைத் தாங்கும் கட்டை) நடுவில் கட்டியிருக்கட்டும். நிரம்பிய தொட்டியோடு சரிசெய்த படகு, தண்ணீர் தீர்ந்ததும் மறுபக்கம் சாயும்.

அடுத்தது, சாயாமல் எதிர்த்து நிற்பதில் உங்கள் படகின் பிடிவாதம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. கேபின் கூரையின் நடுவிலிருந்து 1 மீட்டர் நூலில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிடுங்கள். நட்டு ஆடாமலிருக்க அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். நூலுக்குப் பின்னால், நட்டின் மட்டத்தை ஒட்டி, ஒரு ஸ்கேல். இப்போது 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை, நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 1.2 மீட்டரில் இருப்பதை, வலப்பக்கம் 1.2 மீட்டருக்கு மாற்றுங்கள். 40 கிலோ 2.4 மீட்டர் நகர்ந்தது, அதாவது 96 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கியது; சாலைக் கிலோமீட்டர் அல்ல). நூல் 22 மி.மீ. நகர்ந்தால், ஒரு டிகிரிக்கு (17.5 மி.மீ.) சுமார் 75 கிலோ-மீட்டர் என்று கணக்கு. நாலரை டன் படகில் ஏறக்குறைய இப்படித்தான் வரும். கேனை நகர்த்திய பிறகு ஆட்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். 70 கிலோ ஆள் 30 செ.மீ. தள்ளி நின்றாலே கால் டிகிரிக்கு மேல் கெட்டுவிடும்.

எடை மட்டுமல்ல, அது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் சாய்வு. பாக் விரிகுடாவின் பாய்மர வத்தைகளில் காற்றடிக்கும் பக்கம் பலகையை நீட்டி அதில் ஆள் ஏறி நிற்பது இதே கணக்கு: எடையைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டுவது.

2 டிகிரியை நிமிர்த்த நமக்கு 150 கிலோ-மீட்டர் வேண்டும். இடப்பக்கம் 0.9 மீட்டரில் 100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 28 கிலோ. அவற்றை வலப்பக்கம் அதே தூரத்துக்கு மாற்றினால் 56 × 1.8, சுமார் 100. பின்பக்கக் கம்பியில் இடப்பக்கம் 1.2 மீட்டரில் தொங்கும் 26 கிலோ அவுட்போர்டு எஞ்சினை எதிர்க்கம்பிக்கு மாற்றினால் 62. மொத்தம் 162, வேலை முடிந்தது. ஒரு கிலோகூட ஏற்றவில்லை. இதையே ஈயத்தால் செய்ய, 1 மீட்டர் தூரத்தில் 150 கிலோ ஏற்ற வேண்டும். படகு சுமார் 1 செ.மீ. அமிழும். ஒரு பொருளைப் பக்கம் மாற்றினால் தூரம் இரட்டிப்பாகக் கணக்கில் வருவதை மறந்துவிடுவதால்தான் இந்த ஈயப் பைத்தியம்.

பேட்டரியை மாற்றும்போது கேபிள் நீளும். பழைய தடிமனிலேயே நீட்டினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் விழும், எஞ்சின் முனகும். தடித்த கேபிள் போடுங்கள், மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், பெட்டியைப் படகு புரண்டாலும் நகராதபடி பட்டையால் கட்டுங்கள்.

இரு பக்கமும் குடிநீர்த் தொட்டி வைத்து நடுவே குழாயால் இணைத்த படகுகளில் ஒரு தந்திரச் சிக்கல் இருக்கிறது. இணைப்பு வால்வு திறந்திருந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிச் சாய்வை வளர்க்கும். தொட்டிகளின் நடுவிடங்கள் 1.8 மீட்டர் விலகியிருந்தால், 2 டிகிரியில் மட்ட வித்தியாசம் 6 செ.மீ.; ஒவ்வொரு தொட்டியின் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்றால் 12 லிட்டருக்கு மேல் இடம் மாறும், சாய்வில் இன்னொரு 0.3 டிகிரி ஏறும். பாயில் ஓடும்போது இதைவிட மோசம். நிரப்பி முடிந்ததும் வால்வை மூடிவிட்டு, ஒரு நாள் இந்தத் தொட்டி, மறுநாள் அந்தத் தொட்டி என்று செலவழிக்க வேண்டும். டீசலுக்கும் இதே கணக்கு, லிட்டருக்கு 0.84 கிலோ என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் நகர்த்தியும் மீதி இருந்தால் அப்போது ஈயம். 10 கிலோ துண்டுகளாக, தாழ்வாக, ஓரத்தில், எபாக்சி பூசிப் பலகை அடித்து அடைத்து வையுங்கள். அலுமினியப் படகில் ஈயம் உலோகத்தைத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். எஞ்சிய அரை டிகிரியை டப்பா உணவு, அரிசி, எண்ணெய் கேன்களால் சரிக்கட்டலாம், ஆனால் தகர டப்பாக்களைத் திசைகாட்டிக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். படகு நேராக நிற்கும், முள் வேறு பக்கம் காட்டும்.