எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் எங்கே? ரெண்டு தடவை மலையேறிக் கற்றுக்கொண்டது

மருமகள் 1999-ல் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். என் மகனோடு வெளிநாடு போக பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. கையில் இருந்தது எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும்.

எங்கள் ஊர் சேவை மையத்தில் விசாரித்தேன். "எஸ்டேட்னா கிராமம்தானே, பழைய பதிவெல்லாம் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கும்" என்றார்கள். நானும் நம்பினேன். திருவையாறு பக்கம் கடைத்தெரு முடிந்து வயல் ஆரம்பித்தால் ஊராட்சிதானே!

சம்பா வயலில் களையெடுக்க ஆள் சொல்லியிருந்த வாரம். அதைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. மருமகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தாள். அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மத்தியானம் வரை உட்கார வைத்து, "இங்க இல்லை" என்று ஒரே வார்த்தை. எங்கே இருக்கும் என்று சொல்ல ஆளில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார்: "எஸ்டேட்டெல்லாம் நகராட்சியிலதானுங்க வருது. லயத்துல, அதான் தொழிலாளர் வீடுகள்ல இருக்கறவங்களும் கவுன்சிலருக்குத்தான் ஓட்டுப் போடுறாங்க." அப்போதுதான் விளங்கியது. பஜார் என்னவோ சின்னதுதான்; சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களையும் சேர்த்துத்தான் 21 வார்டு. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடியாகிவிட்டது. ஊர் திரும்பினோம்.

டிசம்பரில் மறுபடி போனோம். நகராட்சியில் வேலை சுருக்காக நடந்தது. ஊழியர் பெரிய பதிவேட்டை விரித்து, வரிசையின் மேல் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். அப்பா பெயர், எஸ்டேட், "பெண்" எல்லாம் இருந்தது. குழந்தையின் பெயர்க் கட்டம் மட்டும் காலி! 2000-க்கு முந்தைய பதிவுகளில் பெயர் சேர்க்க 2024 டிசம்பர் 31தான் கடைசி என்று அறிவித்திருந்த நேரம். நெஞ்சு படபடத்தது. நல்லவேளை, சம்பந்தி ரெண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தோம். உறுதிமொழியில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். பள்ளி டி.சி.யும் கையில் இருந்தது. கெடுவுக்கு நாலு நாள் முன்னால் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

போகிறவர்கள் எஸ்டேட் பெயரோடு டிவிஷன் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எஸ்டேட்டில் நாலைந்து டிவிஷன் இருக்கும், அப்பா பெயரும் ஒன்றுபோல வரும். பெயர் ஒருமுறை ஏறினால் மாற்ற விடமாட்டார்கள். இனிஷியல், எழுத்து எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். கூடுதலாக ரெண்டு மூன்று பிரதி வாங்கிவிடுங்கள், இன்னொரு தடவை அந்த மலை ஏற முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.